தலைப்புக்கு விட்ட இடம்

பல் டாக்டர் நளாயினி தூண் வரைகிற லட்சணத்தைப் பார்த்தால் யாருக்கும் அவரிடம் வாயைத் திறக்கத் தைரியம் வராது. மேலே தடித்து, கீழே மெலிந்து, நிற்கலாமா விழலாமா என்று யோசிக்கிற தூண். கையிலிருக்கும் பேனா மட்டும் ஜப்பானிலிருந்து வந்தது. தாள் பருத்தித் தாள். உட்கார்ந்ததும் அதை எடுத்து முகர்ந்து பார்த்தார், புதுப்புடவையை முகர்கிற மாதிரி, நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கல்யாணத்துக்கு முன்பிருந்தே தெருமுனைக் கடைச் சார்ட் அட்டையில் வரைந்து சாப்பிடுகிறவன் நான், ஒருநாளும் அதை மூக்கருகே கொண்டுபோனதில்லை. முகர்ந்தால் என்ன வரும், பசை வாசனை வரும். இதையெல்லாம் இவரிடம் சொல்ல முடியாது, ஏனென்றால் இவரைப் பொறுத்தவரை நான் பாங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற தனுஷ்கோடி, வீட்டில் போரடிக்கிறது என்று வரையப் பழகுகிறவன். போன ஞாயிறு இந்த வரைகிற கூட்டத்துக்கு முதல் தடவை வந்தபோது சார் என்ன பண்றீங்க என்று கேட்டார்கள், வாயில் பாங்க் என்று வந்துவிட்டது, பாங்க் என்றால் யாரும் மேற்கொண்டு எதுவும் கேட்பதில்லை. படத்தின் மூலையில் ‘தனு’ என்று கையெழுத்துப் போடுகிற ஆள் நான்தான், வாராவாரம் தொடர்கதைக்குப் படம் போடுகிறவன் நான்தான் என்று சொல்லியிருந்தால் பாதிப் பேர் எழுந்து நின்றிருப்பார்கள், மீதிப் பேர் எங்கம்மா உங்க ரசிகை சார் என்றிருப்பார்கள், அப்புறம் முதுகுக்குப் பின்னால் கூட்டம் நிற்கும், கை தானாக வேலையை ஆரம்பித்துவிடும். அது வேண்டாம் என்றுதானே வந்தது. எழும்பூர் மியூசியம் வளாகத்தில், ஞாயிற்றுக்கிழமைக் காலையில், சிவப்புக் கட்டடத்தைப் பார்த்தபடி படியிலும் மரத்தடியிலுமாக உட்கார்ந்திருக்கும் இந்தப் பத்துப் பன்னிரண்டு பேரில் படம் வரைந்து சோறு தின்கிறவன் நான் ஒருவன்தான். அவர்கள் எல்லோரும் சந்தோஷமாக இருக்கிறார்கள், எனக்குத்தான் இது பரீட்சை. ஒரு படம், யாரும் கேட்டு வாங்காத ஒரே ஒரு படம் எனக்கு வருமா வராதா என்று இன்றைக்குத் தெரிந்தாக வேண்டும்.

எல்லாம் தாரிணி கேட்டதால் வந்தது. மகள் புனேயில் இருக்கிறாள். கோமதியும் அங்கேதான், பிரசவத்துக்கென்று போன என் மனைவி, பேரனுக்கு மொட்டை போட்டு, நடக்கவிட்டு, இப்போது அவன் பள்ளிக்கூடத்துக்கே போக ஆரம்பித்துவிட்டான், கோமதி இன்னும் அங்கேதான் இருக்கிறாள். தாரிணி புது வீடு வாங்கியிருக்கிறாள், ஹால் சுவர் காலியாக இருக்கிறதாம். “அப்பா, எனக்கு ஒரு படம் வரைஞ்சு அனுப்புப்பா” என்றாள். நான் என்ன கேட்டேன்? “என்ன சீன்? சைஸ் சொல்லு. என்னைக்கு வேணும்?” கேட்டே விட்டேன். பத்திரிகையிலிருந்து உதவி ஆசிரியர் பேசினால் கேட்கிற அதே கேள்விகள், அதே வரிசையில், அதே குரலில். பெற்ற பெண்ணிடம். அவள் முதலில் சிரித்தாள். “சீனெல்லாம் இல்லப்பா, உனக்கு என்ன தோணுதோ அது” என்றாள். எனக்கு என்ன தோன்றுகிறதோ அது. போனைக் காதில் வைத்துக்கொண்டு, என்ன தோன்றுகிறது என்று உள்ளே தேடினேன், சட்டைப் பையில் சில்லறை தேடுகிற மாதிரி, ஒன்றும் தட்டுப்படவில்லை. எவ்வளவு நேரம் அப்படி நின்றேனோ, “சரிப்பா, பையன் கூப்பிடறான்” என்று வைத்துவிட்டாள். பையன் குரல் எதுவும் எனக்குக் கேட்கவில்லை. அதற்கப்புறம் மூன்று நாலு தடவை மேஜையில் உட்கார்ந்து பார்த்துவிட்டேன். முதலில் ஒரு பெண் வந்தாள், தலைக்குக் குளித்துவிட்டு ஜன்னலோரம் நின்று துவட்டிக்கொண்டு, என்ன அழகு, எனக்கே கண் பட்டுவிடும், ஆனால் அவளை எத்தனை கதைக்கு வரைந்திருப்பேன், கிழித்துப் போட்டேன். மழை வரைவோம் என்று ஆரம்பித்தால் மழைக்குள் குடையோடு அவளே வந்து நிற்கிறாள். கடற்கரை என்றால் மணலில் அவள் கால்தடம். என் மகள் வீட்டு ஹாலில் யாருடைய தொடர்கதைக் கதாநாயகியோ தலை துவட்டிக்கொண்டு நிற்பாளா? தாரிணி ஒன்றும் சொல்லமாட்டாள், மாட்டி வைப்பாள், அதுதான் பயமாக இருக்கிறது.

அதனால்தான் இந்தக் கூட்டத்தில் வந்து ஒட்டிக்கொண்டேன். எதிரே இருப்பதைப் பார்த்து வரைந்தால் தலையிலிருப்பது வராது என்று ஒரு கணக்கு. கட்டடம் எதிரே நிற்கிறது, செங்கல், வளைவு, வளைவுக்குள் இருட்டு, அதைப் பார், அதைப் போடு, அவ்வளவுதானே. கோடு விழுகிறது. விழாமல் என்ன, என் கையைப் பற்றி எனக்குச் சந்தேகமே கிடையாது, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வளைவு வளைவாகத்தான் வரும். டாக்டரம்மா ஒரு தூணோடு மல்லுக்கட்டி முடிப்பதற்குள் எனக்கு முன்பக்கம் முழுக்க நின்றுவிட்டது. பேனா நுனி ஓடுகிற சத்தம் எனக்குப் பிடிக்கும், பிடிக்குமா, பிடிக்கும் என்று எத்தனையோ பேட்டியில் சொல்லியிருக்கிறேன், சொல்லிச் சொல்லி அது பிடித்ததாக ஆகிவிட்டதோ என்னவோ. இந்தப் பக்கம் ஹபீப் பாய். திருவல்லிக்கேணியில் டயர் கடை வைத்திருக்கிறார். போன வாரமும் அந்தத் தூங்குமூஞ்சி மரத்தைத்தான் வரைந்தார், இந்த வாரமும் அதே மரம், அது முடியவே முடியாது, ஏனென்றால் மனிதர் இலை இலையாக வரைகிறார். பாய், மரத்தை அப்படி வரைய மாட்டார்கள், பேனாவைப் படுக்க வைத்து நாலு இழுப்பு இழுத்தால் மரம் வந்துவிடும், பார்க்கிறவன் கண் மீதியைப் போட்டுக்கொள்ளும் என்று நாக்கு நுனிவரை வருகிறது. பாங்க்காரன் அதைச் சொல்லக் கூடாது. சொன்னாலும் கேட்பாரா, சந்தேகம்தான். கிளை ஒன்று தப்பான பக்கம் வளைந்துவிட்டால் “டேய், எங்கடா போற, இங்க வா” என்று அதை அதட்டுகிறார், அப்புறம் தானே சிரிக்கிறார், சிரித்துவிட்டு மேலே பார்க்கிறார், மரத்தைப் பார்க்கிற அந்தப் பார்வை இருக்கிறதே, எனக்குப் பொறாமையாக இருக்கிறது. சொன்னால் வெட்கக்கேடு, டயர் கடைக்காரர் மேல் பொறாமை. அவருக்கு வரையத் தெரியாது, எனக்குத் தெரியும், ஆனால் அந்த மரம் அவரிடம்தான் பேசுகிறது. எனக்கு மரம் என்றால் கதாநாயகி சாய்ந்து நிற்க ஒரு இடம்.

டாக்டரம்மா எட்டிப் பார்த்தார். “அம்மாடி! சார், பாங்க்ல இருந்தீங்கன்னு சொன்னீங்க, இவ்ளோ சுத்தமா வருது உங்களுக்கு!” என்றார். எனக்கு ஜிவ்வென்று சந்தோஷம் ஏறியது, அதை மறைக்க மூக்குக்கண்ணாடியைத் துடைத்தேன். அப்புறம் அவர் படத்தைப் பார்த்தார், கட்டடத்தைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். “சார், மேல மாடியக் காணோமே? பாதி வானம் வெறிச்சுன்னு விட்டுட்டீங்க? அங்கதானே அந்த அழகான கைப்பிடிச் சுவரெல்லாம் இருக்கு?” பார்த்தேன். ஆமாம், இல்லை. வலது பக்கம் மேலே, தாளில் மூன்றில் ஒரு பங்கு, துடைத்து வைத்த மாதிரி வெள்ளை. கட்டடத்தின் மாடியை நான் வெட்டி எறிந்திருக்கிறேன். தெரிந்து செய்யவில்லை, கண் பார்த்திருக்கிறது, கை ஒதுக்கியிருக்கிறது. அது தலைப்புக்கு விட்ட இடம். கதையின் பெயரும் எழுதியவர் பெயரும் வந்து உட்கார வேண்டிய இடம், அங்கே கோடு போட்டால் உதவி ஆசிரியர் போன் செய்து கத்துவார், எழுத்து எங்க சார் போடறது, உங்க தலையிலயா? இங்கே எந்தக் கதை, எந்தத் தலைப்பு, யார் வந்து கத்தப்போகிறார்கள்? அதற்குள் ஹபீப் பாயும் எழுந்து வந்துவிட்டார். “மாஷா அல்லா, அச்சு மாதிரி இருக்கு சார்” என்றார். அப்புறம் நிமிர்ந்து கட்டடத்தின் வளைவையே பார்த்துக்கொண்டு நின்றார். “சார், இந்தப் பொண்ணு எப்ப வந்துச்சு? நான் இங்கயேதான குந்திக்கினு இருக்கேன், பாக்கலியே?” என் படத்தில் வளைவுக்குக் கீழே, தூணில் ஒரு கையை ஊன்றி, பின்னலை முன்னால் போட்டுக்கொண்டு, திரும்பிப் பார்க்கிறாள். வந்துவிட்டாள். இங்கேயும் வந்துவிட்டாள். “இப்பத்தான் பாய், அந்தப் பக்கமா போச்சு” என்றேன். பாய் அந்தப் பக்கம் திரும்பி மெனக்கெட்டுத் தேடினார், பாவம்.

அவர்கள் அவரவர் இடத்துக்குப் போனதும் பேனாவை மூடி வைத்தேன். இத்தனை காலமும் நான் நினைத்துக்கொண்டிருந்தது என்ன, எனக்குள் ஒரு படம் இருக்கிறது, இந்த வாரத் தொடர் முடியட்டும், தீபாவளி மலர் முடியட்டும், தாரிணி கல்யாணம் முடியட்டும், அப்புறம் நிதானமாக அதை எடுத்துக்கொள்ளலாம் என்று. அது அங்கே பத்திரமாக இருக்கிறது என்று நம்பித்தானே கண்டதையும் வரைந்தேன். இப்போது போய்ப் பார்த்தால் அங்கே யாரும் இல்லை. கேட்டால் கொடுப்பேன், நன்றாகவே கொடுப்பேன், அழுகிற தாய் வேண்டுமா, முறைக்கிற மாமனார் வேண்டுமா, புதன்கிழமை கேட்டால் வியாழக்கிழமை கொடுப்பேன். கேட்காவிட்டால்? கேட்காவிட்டால் நான் யார்? வீட்டிலும் அப்படித்தானே இருந்திருக்கிறேன். கோமதி காய் வாங்கணும் என்றால் கூடப் போவேன், கோயிலுக்குப் போகணும் என்றால் போவேன், வா போகலாம் என்று நானாக ஒருநாள் கூப்பிட்டிருக்கிறேனா? அவள் புனேவுக்குக் கிளம்பும்போது “எப்ப வரேன்னு தெரியல” என்றாள், என் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னாள், நான் சரி என்றேன். சீக்கிரம் வா என்று சொல்லும்படி அவள் கேட்கவில்லையே. இப்போது போனில் காஸ் வந்துதா என்பாள், வந்துது என்பேன், மாத்திரை போட்டுக்கிட்டீங்களா என்பாள், போட்டாச்சு என்பேன். நங்கநல்லூர் வீட்டில் நான் இப்போதெல்லாம் டிவியைப் போட்டுவிட்டுத்தான் வரைகிறேன், ஏதோ ஒரு மனிதக் குரல் இருக்கட்டும் என்று. ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஒரு தட்டு கழுவுகிறேன், அந்த ஒரு தட்டைக் கழுவிக் கவிழ்க்கிற சத்தம் இருக்கிறதே, அதைக் கேட்கப் பிடிக்காமல் சிலநாள் ஓட்டலில் சாப்பிட்டுவிடுகிறேன். தனியாக இருக்கிறேன் என்று யாரிடமும் சொன்னதில்லை, யாரும் கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லை, பார், மறுபடியும் அதே இடத்துக்குத்தான் வந்து நிற்கிறேன்.

பக்கத்தைத் திருப்பினேன். கட்டடம் வேண்டாம், கட்டடத்தில் அவள் ஒளிந்துகொள்ள நிறைய இடம் இருக்கிறது. ஹபீப் பாயைப் போடலாம். எந்த ஆசிரியரும் கேட்கமாட்டார் இப்படி ஒரு ஆளை, நாக்கை ஓரமாகத் துருத்திக்கொண்டு இலை வரைகிற ஒரு கிழவரை. சரி, தலை. தலை போட்டால் அசைந்துவிட்டார். மறுபடி போட்டேன், கிளையை அதட்டக் குனிந்துவிட்டார். என் ஆட்கள் அசையமாட்டார்கள், சொன்ன இடத்தில் சொன்ன சோகத்தோடு நிற்பார்கள், இவர் என்னடாவென்றால் கழுத்தைச் சொறிகிறார். அப்புறம் காது. காது எப்படி இருக்கும்? எனக்குத் தெரியவில்லை. நிஜமாகத் தெரியவில்லை. பெண்களுக்குக் கூந்தலும் ஆண்களுக்குக் கிருதாவும் போட்டுக் காதை மூடியே காலத்தை ஓட்டியிருக்கிறேன். பாய்க்கு மொட்டைத் தலை, காது விடைத்துக்கொண்டு வெளியே நிற்கிறது, உள்ளே ஒரு மடிப்பு, அது சுற்றிக்கொண்டு எங்கேயோ போகிறது, எங்கே போகிறது, கீழே ஒரு சின்ன குழி, ஓரத்தில் வெள்ளையாக முடி, வெயில் அதன் வழியாகப் பாய்ந்து காது முழுக்கச் சிவந்திருக்கிறது, இவ்வளவு சமாசாரமா ஒரு காதில். போட்டேன், பெரிதாகிவிட்டது. அழிக்க முடியாது, பேனா. காதுக்குத் தகுந்த தலை வேண்டும் என்று தலையை இழுத்தேன், தோள் இறங்கிவிட்டது, கை குட்டையாகிவிட்டது, விரல்கள் வெண்டைக்காய் மாதிரி வந்தன. கோட்டுக்கு மேல் கோடு, எது சரி என்று எனக்கே தெரியாமல் இன்னொரு கோடு. என்னிடம் வேலை கேட்டு வந்தவன் இப்படி ஒரு படத்தைக் காட்டியிருந்தால் காபி கொடுத்து அனுப்பிவைத்திருப்பேன். ஆனால் “டைம் ஆச்சு, எல்லாரும் நோட்டைக் கொண்டாங்க” என்று டாக்டரம்மா குரல் கொடுத்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கே இருந்தேன் இவ்வளவு நேரம்? கால் மரத்துப்போயிருந்தது.

இவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு, முடிந்ததும் எல்லா நோட்டையும் தரையில் வரிசையாக விரித்து வைத்துச் சுற்றி நின்று பார்ப்பது. எந்தப் பக்கத்தை விரிப்பது? முதல் படத்தை விரித்தால் ஆஹா என்பார்கள், மாடி இல்லாவிட்டாலும் ஆஹாதான், அந்த ஆஹா எனக்குப் பழக்கம், இன்றைக்கு அது இருந்தால் வீடுவரை தாங்கும். இரண்டாவதை விரித்தால், பல் டாக்டர் தூணுக்குப் பக்கத்தில் அதைவிடக் கேவலமாகத் தனு கிடப்பான். நோட்டை மூடிக்கொண்டு பஸ் ஏறிவிடலாமா என்றுகூட நினைத்தேன். இரண்டாவதைத்தான் விரித்து வைத்தேன், வைத்துவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன். டாக்டரம்மா என் தோள் பக்கம் வந்து, குரலைத் தாழ்த்தி, “கவலப்படாதீங்க சார், ஆள வரையறது கஷ்டம், ஆரம்பத்துல எல்லாருக்கும் இப்படித்தான் வரும். விடாம வாங்க, கை பழகிடும்” என்றார். கை பழகிவிடுமாம். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது, சரிங்க டாக்டர் என்று தலையாட்டினேன். ஹபீப் பாய் மட்டும் குந்தி உட்கார்ந்து மூக்கு தாளில் படுகிற அளவுக்குக் குனிந்து பார்த்தார். “இது எங்க அத்தா காது சார்” என்றார். “அவுருக்கு இப்படித்தான் இருக்கும், இந்த மடிப்பு. எனக்கும் இருக்குன்னு இத்தினி வருசமா எனக்கே தெரியாதே.” தன் காதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். “எனக்குக் குடுத்துடுங்க சார், கடையில மாட்டிக்கிறேன்.” வரைந்ததை யார் கேட்டாலும் கொடுத்துத்தான் எனக்குப் பழக்கம். “இல்ல பாய், இது என் பொண்ணுக்கு” என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது.

போனில் படம் பிடித்துத் தாரிணிக்கு அனுப்பினேன். இது உனக்கு என்று மட்டும் எழுதினேன். வாசல் தாண்டி பாந்தியன் சாலைக்கு வருவதற்குள் பத்துத் தடவை போனை எடுத்துப் பார்த்திருப்பேன். பார்த்துவிட்டாள் என்று காட்டியது, பதில் இல்லை. பிடிக்கவில்லை. எப்படிப் பிடிக்கும், ஹாலில் மாட்ட யாரோ ஒரு மொட்டைத்தலைக் கிழவரா? அந்தத் தலை துவட்டுகிறவளையே அனுப்பியிருக்கலாம், என்ன ஆயிற்று உனக்கு, உள்ளே இருப்பது இதுதான் என்றால் உள்ளேயே இருந்திருக்கலாமே என்று நினைத்துக்கொண்டே பஸ் நிறுத்தத்தில் நின்றேன். வெயில். போன் அடித்தது. தாரிணி இல்லை, கோமதி. இந்த நேரத்தில் அவள் பேசவே மாட்டாள்.

“ஏங்க, கைக்கு என்ன ஆச்சு?”

“ஒண்ணும் ஆகலையே.”

“பொய் சொல்லாதீங்க. இவ படத்தக் காட்டினா. கோடெல்லாம் இழுத்துக்கிட்டுக் கெடக்கு, காது ஒரு முழம் இருக்கு. உங்க கோடா அது? எத்தன நாளா நடுங்குது? டாக்டர்கிட்ட காட்டினீங்களா?”

“டாக்டர் பக்கத்துலதான் இருந்தாங்க.”

“எந்த டாக்டர்?”

“பல் டாக்டர்.”

“பல்லுக்கு என்ன இப்போ? ஐயோ, என்னங்க நடக்குது அங்க? நான் கிளம்பி வரட்டுமா?”

கிளம்பி வரட்டுமா என்கிறாள். ஆமாம், கை நடுங்குகிறது, டம்ளரைப் பிடிக்க முடியவில்லை என்று ஒரு வார்த்தை போதும், நாளைக்கே ரயிலேறிவிடுவாள். நாக்கு அதைச் சொல்லத் தயாராகவே இருக்கிறது. வந்ததும் கையைப் பிடித்துப் பார்ப்பாள், டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போவாள், ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் பேரன் தேடுவான் என்று திரும்பிப் போய்விடுவாள். காரணம் தீர்ந்தால் போகத்தானே வேண்டும். எதிர்ப்பக்கம் பஸ் ஒன்று போனது, அது போகட்டும் என்று காத்திருந்தேன், போன பிறகும் காத்திருந்தேன்.

“கை நல்லாத்தான் இருக்கு கோமதி. படம் அப்படித்தான் வந்துது. நீ வா.”

“கை நல்லா இருந்தா நான் எதுக்கு வரணும்?”

“எதுக்கும் இல்ல. சும்மா வா.”

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. வைத்துவிட்டாளோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்க்கிறேன். வைக்கவில்லை.